பைபாஸ் வால்வுக்கு வோசர் போடலாமா?

கேள்வி: என்னிடம் பழைய மெஸி பேர்குசன் 240 உழவு இயந்திரம் இருக்கிறது. உழவு, பெட்டியில் நெல், கிரவல் ஏற்றுவது எல்லாம் அதில்தான். ஒயில் மாற்றிப் பத்து நாளிலேயே கறுத்துவிடுகிறது. பில்டரின் பைபாஸ் வால்வு திறந்து அழுக்கு ஒயில் போகிறதாம். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வோசர் போட்டு இறுக்கினால் எல்லா ஒயிலும் பில்டருக்குள்ளாலேயே போகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், விசுவமடு)

பதில்: வேண்டாம்.

முதலில் அந்தக் கறுப்பைப் பார்ப்போம். டீசல் எஞ்சினில் ஒயிலைக் கறுப்பாக்குவது புகைக்கரி. அதன் துகள் ஒரு மைக்ரோனைவிடச் சிறியது. சாதாரண காகித பில்டர் நன்றாகப் பிடிப்பதோ 20 மைக்ரோன் அளவும் அதற்கு மேலும்தான். பைபாஸ் வால்வை ஒட்டு வைத்து அடைத்தாலும் கரி பில்டருக்குள்ளால் போய்க்கொண்டுதான் இருக்கும், ஒயிலும் கறுக்கும். கரியைக் கட்டியாகச் சேரவிடாமல் மிதக்க வைப்பது டீசல் ஒயிலுக்குக் கொடுத்த வேலை, அதை அது செய்கிறது. அளவுக்கு மிஞ்சிக் கறுக்கிறது என்றால் இன்ஜெக்டரையும் ரிங்கையும் பாருங்கள். சைலன்சரும் கறுப்பாகக் கக்கினால் வால்வைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, அந்த வால்வு எதற்கு? பம்பிலிருந்து வருகிற ஒயில் பில்டரைக் கடந்துதான் கிராங்க் பேரிங்குகளுக்குப் போகிறது. பில்டர் அடைத்தாலோ ஒயில் தடிப்பாக இருந்தாலோ, பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் கூடும். ஒரு அளவைத் தாண்டியதும் (பல பில்டர்களில் அது 8 முதல் 25 பிஎஸ்ஐக்குள் இருக்கும்) வால்வு திறந்து, ஒயிலில் ஒரு பகுதியை வடிக்காமலே அனுப்பும். குளத்தில் மிஞ்சும் தண்ணீர் வழிந்தோட வான் இருக்கிற மாதிரி. வான் பாய்கிறதே என்று மணல் மூடை அடுக்கி உயர்த்தினால் கட்டுக்குத்தான் ஆபத்து.

வன்னி வெயிலில் ஒயில் எங்கே தடிக்கப்போகிறது என்று கேட்பீர்கள். 15டபிள்யூ-40 ஒயில் 100 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 40 பாகையில் ஏறக்குறைய 7 மடங்கு தடிப்பானது. காலபோக உழவுக்கு விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அதைவிடவும் தடிப்பு. எஞ்சின் சூடாக முதலே இரைத்தால் வால்வு கொஞ்ச நேரம் திறக்கும். திறக்கத்தான் வேண்டும்.

வோசர் போட்டால் திறக்கும் அழுத்தம் கூடும். எவ்வளவு கூடியது என்பதை அளந்து பார்க்க கராச்சில் கருவி இருக்காது. ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டினால் வால்வு திறக்கவே திறக்காது. அந்த நிலையில் பில்டர் அடைத்தால், காகித மடிப்பு நசுங்கிக் கிழிந்து சேர்த்து வைத்த அழுக்கெல்லாம் ஒன்றாகப் போகும், அல்லது ஒயில் போவது குறையும். அழுக்கு ஒயில் பேரிங்கை மாதக்கணக்கில் தேய்க்கும். ஒயிலே போகாவிட்டால் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. வன்னி மெக்கானிக்குகளின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு உதிரிப்பாகம் இல்லை, ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். இன்றைக்குக் கிளிநொச்சிக்குப் போனால் புது பில்டரே வாங்கலாம்.

மெக்கானிக் சொல்வது பம்ப் பக்கத்து ரிலீஃப் வால்வா (ஒயில் அழுத்தம் அளவுக்கு மிஞ்சாமல் பார்ப்பது) என்றும் ஒருக்கால் கேளுங்கள். இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறைய. ஒயில் அழுத்தம் குறைவு என்று அதற்கும் வோசர் போடுவார்கள். ஆனால் சூடான எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது அந்த வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும், வோசரால் அங்கே அழுத்தம் ஏறாது. தேய்ந்தது பேரிங்காகவோ பம்பாகவோ இருக்கும்.

வால்வைத் தொடாமலே அதை மாற்றிவிடுகிற வேலை ஒன்று உண்டு: கிடைத்த பில்டரைப் போடுவது. முக்கால் அங்குல, அங்குலத்துக்கு 16 மரை உள்ள பில்டர்கள் பல வாகனங்களுக்கு வருகின்றன, மரை பொருந்தும், ரப்பர் வளையமும் சரியாக உட்காரும். ஆனால் சிலவற்றுக்குள் பைபாஸ் வால்வே இல்லை, ஏனென்றால் அவை போகிற எஞ்சினில் வால்வு பில்டர் தலையிலோ புளொக்கிலோ இருக்கிறது. உங்கள் எஞ்சினிலும் இல்லாமல், போட்ட பில்டரிலும் இல்லாவிட்டால், வோசர் போடாமலே வால்வை அடைத்த கதைதான். ஆகவே கடையில் பழைய பில்டரை நீட்டி "இது மாதிரி ஒன்று" என்று கேட்காமல், எஞ்சினுக்குரிய பாக இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

காசு செலவழிக்க நினைத்தால் எயார் கிளீனரில் செலவழியுங்கள். எஞ்சினைத் தேய்க்கிற மணல் தூசி பெரும்பாலும் காற்றோடுதான் உள்ளே வருகிறது. கிரவல் பாதையில் டிப்பருக்குப் பின்னால் ஓடுகிற நாட்களில், ஒயில் கிண்ண வகையென்றால் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு தெரிந்தால் கழுவி, கோடு வரை புது ஒயில் விடுங்கள், கோட்டுக்கு மேலே வேண்டாம். ஹோஸ் வெடித்திருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். ஒயிலையும் பில்டரையும் ஒன்றாக மாற்றுங்கள், தூசிக் காலத்தில் கைநூலில் சொன்ன மணித்தியாலத்துக்கு முன்னரே. மணி மீற்றர் பழுதென்றால் அடித்த டீசலைக் கொப்பியில் எழுதிக் கணக்குப் பார்க்கலாம்.

வால்வு உண்மையிலேயே திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று சந்தேகமென்றால், அது பில்டர் தலையில் இருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தடிக்குச்சியால் அழுத்தி விடுங்கள். துள்ளித் திரும்பி இருக்கையில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் புதிது போடுங்கள், ஸ்பிரிங்கை இழுத்து நீட்ட வேண்டாம். கழற்றிய பழைய பில்டரை வாளால் அரிந்து விரித்துப் பாருங்கள். மடிப்புகள் நசுங்கியிருந்தால் மாற்றப் பிந்திவிட்டீர்கள். செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மினுங்கும் துகள் இருந்தால், அடுத்த உழவுக்கு முன் பேரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.