“வட்டியே இல்லை” என்கிற போனுக்கு மூணு வட்டி

கேள்வி:

வணக்கம் சார். பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். மனகோலம், தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் உண்டு. சென்னை, கோவையில் இருந்து ஆர்டர் வருகிறது, சிங்கப்பூரில் இருந்தும் வருகிறது. படம் அனுப்புவது, விலை பேசுவது, பணம் வாங்குவது எல்லாமே போனில்தான். இப்போதுள்ள போன் சூடாகி, பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது.

காரைக்குடியில் ஒரு கடையில் புதிதாக வந்திருக்கும் 5ஜி போன் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு நெட்வொர்க் நிறுவனத்தோடு சேர்ந்து வந்திருக்கிறதாம். முன்பணம் 1,999 ரூபாய், பிராசஸிங் கட்டணம் 499. அதன்பிறகு 24 மாதம், மாதம் 799. அந்த 799-க்குள்ளேயே தினம் 1.5 ஜிபி டேட்டாவும் அளவில்லாப் பேச்சும் வந்துவிடும். ஆனால் 24 மாதமும் அவர்கள் சிம்மைத் தவிர வேறு சிம் எடுக்காது. இதே போன் பூட்டு இல்லாமல் ரொக்கத்துக்கு 10,499. நான் இப்போது வேறு நெட்வொர்க்கில் 28 நாளுக்கு 299 போட்டு இதே அளவு டேட்டா வாங்குகிறேன்.

“வட்டியே கிடையாது, எடுங்க ஆத்தா” என்கிறான் மகன். “அவன் சிம்மைத்தான் போடணும்னா அது நம்ம போனா, அவன் போனா?” என்கிறார் மாமியார். கையில் 2,500 ரூபாய்க்கு மேல் இப்போது எடுக்க வழியில்லை. தபால் ஆபீசில் மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. போட்டு 20 மாதம் ஆகிறது, வட்டி 6.7 சதவீதம். அதை முடித்துவிட்டு ரொக்கமாக வாங்கலாமா?

- வாசகி, பள்ளத்தூர்

பதில்:

மூணு வட்டி, ஆச்சி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். உங்கள் மகன் இல்லை என்று சொல்லும் வட்டி அவ்வளவு இருக்கிறது. எப்படி என்று கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன். பேரேடும் குறிப்பேடும் புழங்கிய ஊர்க்காரர் நீங்கள், கூட்டிக் கழித்துச் சரிபார்த்துக்கொள்வீர்கள்.

இந்த மாதிரித் திட்டங்களில் போன் விலையையும் ரீசார்ஜையும் ஒரே தொகையில் பிசைந்து வைத்திருப்பார்கள். முதலில் அதைப் பிரிக்க வேண்டும். 24 மாதம் என்பது 730 நாள். 28 நாளுக்கு ஒன்று என்றால் 26 ரீசார்ஜ். உங்கள் 299 கணக்கில் 7,774 ரூபாய். மாதத்துக்குப் பகிர்ந்தால் 324. ஆக, நீங்கள் கட்டப்போகும் 799-ல் பேச்சுக்கும் டேட்டாவுக்கும் 324, போனுக்கு 475.

அந்த 475-ஐ 24 மாதம் கட்டினால் 11,400. முதலிலேயே கொடுத்த 1,999-ஐயும் 499-ஐயும் சேர்த்தால் 13,898. ரொக்க விலை 10,499. கூடுதலாகப் போவது 3,399 ரூபாய். பெயரை எப்படி மாற்றிச் சொன்னாலும் இதுதான் வட்டி.

இந்த இடத்தில் கடைக்காரர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டக்கூடும். “8,001 ரூபாய் கடனுக்கு இரண்டு வருஷத்துக்கு 3,399. மாதம் 142 ரூபாய். ஒண்ணே முக்கால் வட்டிதானே ஆகிறது?” கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 8,001 ரூபாயும் இரண்டு வருஷமும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். ஒரு வருஷம் போனபின் பாதிக்கு மேல்தான் பாக்கி இருக்கும், கடைசி மாதத்தில் சில நூறுதான். பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் அல்லவா? அப்படிக் குறைத்துக் கணக்குப் பார்த்தால் மாதம் 3 சதவீதத்துக்கு ஒரு துளி மேலே வருகிறது. வருஷத்துக்கு 36-க்கும் மேல். அடகுக் கடையில் இந்த வட்டி கேட்டால் எழுந்து வந்துவிடுவீர்கள்.

“வட்டியே கிடையாது” என்பதை ரிசர்வ் வங்கியே ஏற்பதில்லை. 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை, வட்டியைப் பிராசஸிங் கட்டணத்துக்குள் ஒளித்து வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள் என்று கண்டித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1-லிருந்து இன்னொரு விதியும் இருக்கிறது. வங்கியோ நிதி நிறுவனமோ புதிதாகத் தனிநபர் கடன் கொடுத்தால், எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை முக்கிய விவர அறிக்கை என்ற தாளில் எழுதித் தர வேண்டும். அதுவும் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில். கடையில் அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். “இது கடன் இல்லை ஆச்சி, நெட்வொர்க்கோடு ஒப்பந்தம்” என்று பதில் வந்தால் தாள் கிடைக்காது. ஒப்பந்தம் என்றால் நடுவில் விலக என்ன தண்டம் என்று எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள். கடன் என்றால் மாதத் தவணை ஒன்று தவறினாலும் சிபிலில் ஏறும். நாளைக்கு நீங்கள் மாவு மெஷின், பேக்கிங் மெஷின் என்று தொழிலைப் பெருக்க நினைத்தால், சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீதம் மானியத்தோடு மத்திய அரசுத் திட்டத்தில் கடன் இருக்கிறது. அதைக் கேட்டுப் போகும்போது 799 ரூபாய் தவறியது குறுக்கே வந்து நிற்கக் கூடாது.

மகனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுவோம். நெட்வொர்க்கோடு கட்டிய போன் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் போன் கொடுத்தபோது கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. சி.டி.எம்.ஏ. என்ற தொழில்நுட்பம் அது, வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. பின்னாளில் அந்தச் சேவையே நின்று போனது. அண்மைக் காலத்தில் நல்ல உதாரணம் 2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட். ரொக்கத்துக்கு 6,499. தவணையில் என்றால் முன்பணம் 1,999, பிராசஸிங் 501, பிறகு தினம் 1.5 ஜிபி திட்டத்துக்கு மாதம் 450 வீதம் 24 மாதம். மொத்தம் 13,300. உங்களுக்குச் சொன்ன திட்டத்தின் அச்சு அசல்.

அன்றைக்கு 28 நாளுக்கு அதே டேட்டா 199 ரூபாய்க்குக் கிடைத்தது. 26 ரீசார்ஜுக்கு 5,174. போன் விலையையும் இதையும் கழித்தால் கூடுதல் 1,627 ரூபாய், ஏறக்குறைய இதே மூணு வட்டி. ஆனால் போன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 1-ம் தேதி ஜியோ கட்டணத்தை ஏற்றியது. 199 போட்டவர் 239 போட வேண்டி வந்தது. 26 ரீசார்ஜ் 6,214 ஆனது. தவணைக்காரருக்கு அந்த 450 மாறாமல் நின்றிருந்தால் கூடுதல் வெறும் 587 ரூபாய்தான், ஒரு வட்டிக்குச் சற்று மேலே. கட்டிப்போட்ட திட்டம் கட்டணத்தையும் கட்டிப்போடுகிறது, இது ஒரு லாபம்தான்.

உங்களுக்கும் அப்படி ஆகலாமே? 2024 ஜூலையில் 239 என்பது 299 ஆனது, அதாவது 25 சதவீத ஏற்றம். நீங்கள் போன் வாங்கிய மறுநாளே அதே அளவு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 299 என்பது 374 ஆகும். ரீசார்ஜுக்கு 75 ரூபாய் வீதம் 26 தடவைக்கு 1,950. அந்த மோசமான நிலையிலும் உங்கள் 3,399-ல் 1,449 மிச்சமாகத் தலையில் நிற்கிறது. அதுவும், 799 இரண்டு வருஷமும் மாறாது என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால்தான். வாய்ப் பேச்சு போதாது.

பணக் கணக்கு இவ்வளவுதான். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் அடுப்படி.

நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படி. செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். முகப்பில் நாலு கோடு காட்டும் போன், இரண்டாங்கட்டுக்குப் போனதும் ஒன்றுமில்லாமல் போவதைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார். நீங்கள் வேலை செய்வது எண்ணெய்ச் சட்டி பக்கத்தில், வாடிக்கையாளர் கூப்பிடுவதும் அந்த நேரத்தில்தான். இப்போதைய நெட்வொர்க் அங்கே எடுக்கிறது என்பதாலேயே புதிய நெட்வொர்க்கும் எடுக்கும் என்று சொல்ல முடியாது. பூட்டு இல்லாத போனில் சிக்னல் இல்லையென்றால் சிம்மை மாற்றலாம், அல்லது இரண்டு சிம் போட்டு எது எடுக்கிறதோ அதில் பேசலாம். பூட்டிய போனில் 24 மாதமும் முகப்புக்கு ஓடிவந்து ஓடிவந்து பேச வேண்டியதுதான். தீபாவளிக்கு முந்தின பத்து நாளில் தவறிப்போகும் ஆர்டர்களை நினைத்துப் பாருங்கள், 3,399 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியும்.

இன்னொன்று, உங்கள் நம்பர். வாடிக்கையாளர் எல்லோரிடமும் இருப்பது பழைய நெட்வொர்க் நம்பர். அதை வைத்துக்கொண்டே மாறலாம். போர்ட் என்று டைப் செய்து இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் குறியீடு வரும். ஆனால் மாறிய பின் 90 நாளுக்குத் திரும்பி வர முடியாது. சிம் மாறும்போது பணம் வாங்கும் யுபிஐ செயலிகளும் மறுபடி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லும். எப்படி மாறுவதானாலும் சீசன் நடுவில் மாறாதீர்கள்.

மாமியார் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தவணை முடியும் வரை அது முழுசாக நம் போன் இல்லை. நடுவில் விற்கப் போனால், பூட்டிய போனை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

இனி ஆர்.டி. அதை முடிக்காதீர்கள், ஆச்சி. முடிக்கவும் முடியாது. தபால் ஆபீஸ் ஆர்.டி.யை 3 வருஷம் ஆன பிறகுதான் நடுவில் முடிக்கலாம். அப்போதும் 6.7 கிடைக்காது, சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். ஆனால் 12 மாதத் தவணை கட்டியிருந்தால் கணக்கில் உள்ளதில் பாதி வரை கடன் தருகிறார்கள். இது பலருக்குத் தெரிவதே இல்லை. உங்கள் கணக்கில் 40,000 இருக்கிறது, 20,000 வரை கேட்கலாம். வட்டி, உங்கள் ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 8.7. நம் கணக்கில் முக்கால் வட்டிகூட இல்லை. ஆர்.டி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

8,000 மட்டும் எடுங்கள். கையிலுள்ள 2,500-ஐச் சேர்த்தால் பூட்டில்லாத போன் வந்துவிடும். கடைக்காரரிடம் கட்டவிருந்த அதே 475-ஐ மாதாமாதம் தபால் ஆபீசில் கட்டுங்கள். ரீசார்ஜ் வழக்கம்போல் 299. மாதச் செலவு நீங்கள் ஒத்துக்கொண்ட அதே 799 அளவில்தான் நிற்கும். ஆனால் 24 மாதம் இழுக்காது, 18 மாதத்தை ஒட்டிக் கடன் தீர்ந்துவிடும். பாஸ் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போய், மாதத் தவணையாகத் திருப்பிக் கட்டுவதாகச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் கொஞ்சம் பொறுப்பதிலும் நஷ்டமில்லை. புது போன் வெளிவரும் நாளின் விலை நிற்பது அரிது. 2007 ஜூன் 29-ல் அமெரிக்காவில் முதல் ஐபோன் வந்தது. அதுவும் ஏ.டி. அண்ட் டி. என்ற ஒரே நெட்வொர்க்கோடு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில்தான் வந்தது. 599 டாலர் கொடுத்து வாங்கினார்கள். செப்டம்பர் முதல் வாரத்திலேயே 399 ஆக்கிவிட்டார்கள். முதலில் வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு 100 டாலருக்குக் கடைக் கூப்பன் கொடுத்தார்கள், பணமாக இல்லை. இங்கே பண்டிகைத் தள்ளுபடிக்கு இதே 10,499 போன் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள். ஆனால் அணைந்து அணைந்து எரியும் போனை வைத்துக்கொண்டு தீபாவளி ஆர்டர் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு மகன் அந்த பூட்டிய போனேதான் வேண்டும் என்று நின்றால், ஒரு வேலை கொடுங்கள். அந்த நெட்வொர்க் ப்ரீபெய்டு சிம் ஒன்று வாங்கி வரட்டும், பழைய போனில் போட்டு ஒரு மாதம் அடுப்படியிலேயே வைத்திருங்கள். மணி அடிக்கிறதா என்று பார்த்த பிறகு கடைக்குப் போகலாம்.