சாவியோடு அணையும் ஹெட்லைட்: மோரிஸ் மைனர் வயரிங் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார் உள்ளது. சாவியை எடுத்த பிறகும் ஹெட்லைட் எரிவதால் இரண்டு முறை பேட்டரி இறங்கிவிட்டது. லைட் சுவிட்சுக்கு வரும் பிரவுன் வயரைக் கழற்றிவிட்டு, இக்னிஷனுக்குப் பின்னால் வரும் வெள்ளை வயரிலிருந்து மின்சாரம் கொடுத்தால் போதாதா?

பதில்: வணக்கம். அப்படிச் செய்தால் விளக்கு அணையும். ஆனால் அந்த வழி வேண்டாம். 60/55 வாட் பல்புகள் இரண்டும் ஹை பீமில் 10 ஆம்பியர் இழுக்கும். இக்னிஷன் காயிலின் சுமையைத் தாங்கிவரும் பழைய சாவி சுவிட்சின் மீது இதையும் ஏற்றினால் அதன் உள்தொடுப்புகள் சூடேறிக் கருகும். மேலும், அந்த ஒரே வயரிலிருந்துதான் பார்க்கிங் விளக்கும் பின்விளக்கும் எரிகின்றன. இரவில் சாலையோரம் வண்டி பழுதாகி நிற்கும்போது, சாவியை எடுத்தவுடன் பின்விளக்கும் அணைந்துபோவது ஆபத்து.

அணைய வேண்டியது ஹெட்லைட் மட்டுமே. இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிற முறைப்படி, லைட் சுவிட்சிலிருந்து ஹை பீம், லோ பீம் மாற்றக் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சுக்குச் செல்வது நீல வயர். பார்க்கிங் விளக்குகளுக்குச் செல்வது சிவப்பு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நீல வயரை லைட் சுவிட்சின் முனையிலிருந்து விடுவித்து, இடையில் சாதாரண நான்கு முனை ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) ஒன்றை வையுங்கள். சுவிட்ச் முனையிலிருந்து புதிய வயர் 30ஆம் எண் முனைக்கும், பழைய நீல வயர் 87ஆம் எண் முனைக்கும் வரட்டும். 86ஆம் முனைக்கு இக்னிஷன் மின்சாரமும், 85க்கு எர்த்தும் (வண்டியின் உலோக பாடி) கொடுத்தால், சாவி திரும்பியிருக்கும்போது மட்டுமே ஹெட்லைட் எரியும். ரிலேயின் சுருள் இழுப்பது ஓர் ஆம்பியரில் ஒரு சிறு பங்குதான் என்பதால் சாவி சுவிட்சுக்குச் சுமையில்லை. மூல வயர் எதையும் வெட்டாததால், வேண்டும்போது வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவரலாம். அறுபது ஆண்டு கடந்த வண்டிக்கு இது சிறிய விஷயமல்ல.

கேள்வி: ரிலேயின் சுருளுக்கு ஃபியூஸ் பெட்டியிலுள்ள பச்சை வயரிலிருந்து எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள், நான் மறுக்கிறேன். அந்தப் பச்சை வயரின் ஃபியூஸில்தான் வைப்பர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர் எல்லாம் இருக்கின்றன. மழையில் வைப்பர் மோட்டார் சிக்கி ஃபியூஸ் போனால், ஓடும் வண்டியில் இரண்டு ஹெட்லைட்டும் அதே நொடியில் அணைந்துவிடும். ஃபியூஸ் பெட்டியில் வெள்ளை வயர் வந்து சேரும் முனையிலிருந்து, ரிலேக்கென்றே தனியாக 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுங்கள்.

கேள்வி: என் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது. ரிலே வேலை செய்யுமா?

பதில்: செய்யும். சுருளுக்கும் தொடுப்புக்கும் மின்சாரத்தின் திசை பொருட்டல்ல. ஆனால் சில ரிலேக்களுக்குள், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு இருக்கும். அதைத் திசை மாற்றி இணைத்தால் ஷார்ட் ஆகும். ரிலேயின் மேல் அச்சிட்ட வரைபடத்தில் டையோடு குறி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எல்இடி பல்புகளும் திசை பார்ப்பவை என்பதால், பாசிட்டிவ் எர்த் வண்டியில் பல எரியாது.

கேள்வி: ஹெட்லைட் வெளிச்சமும் மங்கலாக உள்ளது. 100/90 வாட் பல்பு போடலாமா?

பதில்: வேண்டாம். ஹை பீமுக்கே 17 ஆம்பியர் வரை போய்விடும். உங்கள் லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர்தான், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதலில் விளக்கை எரியவிட்டு, பல்பின் முனைகளிலும் பேட்டரியின் முனைகளிலும் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றம் பல்பினுடையது அல்ல: வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு போய்விடும். எர்த் இணைப்பையும், விளக்கின் பின்னாலுள்ள புல்லட் கனெக்டர்களையும் பளபளப்பாகும்வரை சுத்தம் செய்யுங்கள்.

அப்போதும் தீராவிட்டால் முன்பக்கத்தில் லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே வையுங்கள். டிப்பரிலிருந்து வரும் நீலம்-சிவப்பு, நீலம்-வெள்ளை வயர்கள் அவற்றின் சுருள்களை மட்டும் இயக்கட்டும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் நேராக வரட்டும். இந்த வண்டிகளின் ஹெட்லைட்டுக்குத் தொழிற்சாலையில் ஃபியூஸே வைக்கவில்லை. எனவே பேட்டரியை ஒட்டி ஒரு மெயின் ஃபியூஸும், ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக 10 ஆம்பியர் ஃபியூஸும் வையுங்கள். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் எரியும். முதல் ரிலே அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: வயரிங்கைத் தொடவே மனமில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. சிவப்பு வயருக்கும், ஃபியூஸுக்குப் பிந்தைய பச்சை வயருக்கும் நடுவே 12 வோல்ட் மின்னணு பஸ்ஸர் ஒன்றை இணையுங்கள். இரண்டிலும் மின்சாரம் இருந்தால் அது ஒலிக்காது. சாவியை அணைத்து விளக்கை மறந்தால், பெட்ரோல் மீட்டர் வழியாக எர்த் கிடைத்து ஒலிக்கும். நெகட்டிவ் எர்த் வண்டியில் பஸ்ஸரின் பாசிட்டிவ் முனை சிவப்பு வயருக்கு. பாசிட்டிவ் எர்த்தில் பச்சைக்கு.