வாசகர் கேட்டவை: பலிபீடத்துப் பளிங்கும் பொன்னும்

கேள்வி: ஜெர்மனியின் வீஸ் தேவாலயத்தில் (1745–54) பெரிய பலிபீடத்துச் செந்நிறத் தூண்கள் உண்மையான பளிங்கா?

பதில்: இல்லை, ஜிப்சம். தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் அன்று கொடிகட்டிப் பறந்த ஸ்டக்கோ பளிங்கு வேலை அது. ஜிப்சப் பொடியை வஜ்ஜிரப் பசை கலந்த நீரில் பிசைவார்கள். வெறும் நீரென்றால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பசை சேர்ந்தால் மணிக்கணக்கில் இளக்கமாக இருக்கும். நிறம் நிறமாகப் பிசைந்த உருண்டைகளின்மேல் வேறு நிறக் குழம்பைப் பூசி, ஒன்றாக அழுத்தி, துண்டுகளாக அறுப்பார்கள். அறுத்த முகத்தில் அந்தக் குழம்புதான் பளிங்கின் நரம்பாகத் தெரியும். துண்டுகளை நனைத்த தூணில் ஒட்டி, காய்ந்ததும் சீவி, துளைகளை மென்குழம்பால் அடைத்து, வரவர மென்மையான கற்களால் தேய்ப்பார்கள். அடைப்பதும் தேய்ப்பதும் பலமுறை நடக்கும். கடைசியில் எண்ணெயோ மெழுகோ பூசுவார்கள்.

மலிவுக்காகச் செய்தது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கூலி அதிகம் பிடிக்கும் வேலை இது. வேண்டிய நிறமும், வளைவுகளில் இணைப்பே தெரியாத பரப்பும் இதில்தான் வாய்க்கும். தொட்டுப் பார்த்தால் பளிங்கின் சில்லிப்பு இருக்காது. ஈரம்தான் எமன்: ஜிப்சம் நீரில் சிறுகக் கரையும், மெருகு மங்கும்.

கேள்வி: ஒரே சிலையில் பொன் சில இடங்களில் மின்னுகிறது, சில இடங்களில் மங்கலாக இருக்கிறதே?

பதில்: வேண்டுமென்றே செய்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மரத்தின்மேல் பசை, சீமைச்சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்கு, அதன்மேல் செங்களிமண், அதை நனைத்துத் தங்க ரேக்கு. பிறகு அகேட் என்னும் வழவழப்பான கல்லால் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். மண் ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் ரேக்கு கிழியும். அதிகம் காய்ந்துவிட்டால் மெருகு ஏறாது. தேய்க்காமல் விட்ட இடமும், எண்ணெய்ப் பசைமேல் ஒட்டிய இடமும் மங்கலாகவே நிற்கும். கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கில் பசை வலுவாக இருந்தால் பூச்சு வெடித்து உரியும். மெருகேற்றிய பொன்னை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. அடிப்பசை கரைந்து ரேக்கு துணியோடு வந்துவிடும்.

கேள்வி: சில தேவாலயங்களில் பீடத்தின் பின்னாலிருந்து ஒளி வருவது எப்படி?

பதில்: மறைவான ஜன்னல்கள். பவேரியாவின் வெல்டன்பர்க் மடத்தில் ஆசாம் சகோதரர்கள் என்ற கலைஞர்கள் குதிரைமேல் வரும் புனித ஜார்ஜை இருண்ட வளைவுக்குள் நிறுத்தி, பின்சுவருக்கு மட்டும் வெளிச்சம் பாய்ச்சினார்கள். ஸ்பெயினின் டொலேடோ பேராலயத்தில் சிற்பி நர்சிசோ தோமே இன்னும் துணிந்தவர்: 1732இல் முடிந்த தன் பீடத்துக்காகப் பழைய கோதிக் (இடைக்காலப் பாணி) கூரை வளைவையே உடைத்துத் திறந்துவிட்டார்.