வெளிநாட்டு ஹோட்டலில் பார்டெண்டர் வேலை, விசாவோடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

17 வருடமாக பார் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன். துபாயில் இரண்டு ஹோட்டல், நடுவில் கப்பலில் மூன்று கான்ட்ராக்ட், இப்போது மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டின் பார்களைக் கவனித்துக்கொள்கிறேன். ஆள் எடுப்பதும் என் வேலைதான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஸ்பான்சர்ஷிப் விசாவுக்கு எவ்வளவு செலவாகும்? ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார். பாதியை இப்போதே கட்டச் சொல்கிறார்.

கட்டாதீங்க தம்பி. ஸ்பான்சர்ஷிப் என்பது காசு கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை. "இந்த ஆள் எனக்கு வேண்டும், இவருக்கு நான் பொறுப்பு" என்று முதலாளி தன் அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பதுதான் ஸ்பான்சர்ஷிப். அந்தச் செலவு அவருடையது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி எல்எம்ஐஏ என்ற ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கான 1,000 டாலர் கட்டணத்தை அவர்தான் கட்டணும், சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. கப்பல் வேலைக்கு 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் மூன்றுக்கும்தான் நீங்கள் செலவு செய்யலாம், விசா செலவு கப்பல் நிறுவனத்துடையது. இத்தனை இடத்திலும் முதலாளி கட்டுகிற பணத்தை உங்களிடம் ஒருவர் கேட்டால், அவருக்குப் பின்னால் உண்மையில் ஒரு முதலாளி இருக்கிறாரா என்று கேளுங்கள்.

எந்த நாட்டுக்கு முயற்சி செய்யலாம் சார்? எல்லோரும் லண்டன், கனடா என்கிறார்கள்.

நாட்டைப் பிடித்துவிட்டு வேலையைத் தேடுவதால்தான் நிறையப் பேர் வருடக்கணக்கில் அலைகிறார்கள். அந்த நாட்டின் விசா விதியில் பார்டெண்டர் என்ற வேலைக்கு இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பிரிட்டனில் இல்லை. அங்கே ஸ்கில்டு வொர்க்கர் (திறன் தொழிலாளர்) விசாவுக்குத் தகுதியான வேலைகளில் பார் ஊழியர் வேலை கிடையாது. 2025 ஜூலை 22-க்குப் பிறகு அந்த விசாவே பெரும்பாலும் பட்டப்படிப்பு அளவிலான வேலைகளுக்கு என்றாகிவிட்டது. இங்கேதான் ஒரு ஏமாற்று நடக்கிறது. ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசு வெளியிடுகிறது. ஏஜென்ட் அதில் ஒரு ஹோட்டலின் பெயரைக் காட்டி "பாருங்க, இவங்க ஸ்பான்சர்" என்பார். பெயர் உண்மையாகவே இருக்கும். ஆனால் உரிமம் இருப்பதால் எல்லா வேலைக்கும் ஸ்பான்சர் செய்துவிட முடியாது, பார்டெண்டருக்குச் செய்யவே முடியாது. அயர்லாந்தில் இன்னும் வெளிப்படை: வேலை அனுமதி தரப்படாத வேலைகளின் பட்டியலிலேயே பார் ஊழியர் இருக்கிறது.

கனடாவில் வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. 2024 செப்டம்பர் 26 முதல் குறைந்த சம்பளப் பிரிவில் அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரங்களில் அந்தப் பிரிவு விண்ணப்பங்களைப் பொதுவாக எடுத்துக்கொள்வதே இல்லை. அதனால் டொரண்டோவையே பார்த்துக்கொண்டிருக்காமல் பான்ஃப், விஸ்லர் போன்ற மலைச் சுற்றுலா ஊர்களின் ரிசார்ட்டுகளைப் பாருங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள்: அங்கே வேலைகளைத் திறன் அளவால் பிரிப்பதில் பார்டெண்டர் வேலை டீர் 4 என்ற வகை, நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான (பிஆர்) எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு அந்த அனுபவம் கணக்கில் வராது. "ஒரு வருஷத்தில் பிஆர்" என்று சொல்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் சீசன் வேலைக்கு எச்-2பி விசா. வருடத்துக்கு 66,000 என்ற உச்சவரம்பு, அதற்குள் தோட்ட வேலையிலிருந்து ஹோட்டல் வரை எல்லாத் தொழிலும் போட்டி போடும். நியூசிலாந்தில் அரசு அங்கீகாரம் பெற்ற முதலாளியால்தான் வெளிநாட்டவரை அழைக்க முடியும். அங்கீகாரம் இருக்கிறதா என்று குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

எனவே, ஹோட்டலே முன்வந்து பார்டெண்டருக்கு விசா எடுக்கிற இடங்கள் என்றால் அமீரகம், கத்தார், பஹ்ரைன், ஓமன், மாலத்தீவு, அப்புறம் கப்பல். மாலத்தீவில் மது பரிமாறுவது பொதுவாக ரிசார்ட் தீவுகளிலும் சுற்றுலாப் படகுகளிலும்தான், அந்த பார்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். முதல் வெளிநாட்டு வேலைக்கு இந்தப் பக்கம் வருவதுதான் நல்லது என்பது என் கருத்து. இரண்டு வருட அனுபவத்தோடு மற்ற நாடுகளைப் பார்த்தால் உங்கள் பேச்சுக்கே வேறு மதிப்பு இருக்கும்.

குவைத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் காக்டெய்ல் பார்டெண்டர் என்று ஆஃபர் வந்திருக்கிறது. போகலாமா?

குவைத்தில் மது தடை செய்யப்பட்டது. சவூதி ஹோட்டல்களிலும் கிடையாது. அமீரகத்துக்குள்ளேயே ஷார்ஜாவில் கிடையாது. அங்கெல்லாம் மாக்டெய்ல் (மது இல்லாத கலவைப் பானம்), காபி பரிமாறும் பார் இருக்கிறது, அது மரியாதையான வேலைதான். ஆனால் ஆஃபரில் விஸ்கி, காக்டெய்ல் என்று எழுதியிருந்தால் எழுதியவருக்கு அந்த நாடே தெரியவில்லை. ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடிக்கப் போகிறேன். பார் அனுபவம் பயிற்சிக் காலத்தில் மட்டும்தான். நேராக வெளிநாட்டில் பார்டெண்டராக முடியுமா?

நேராக பார்டெண்டர் என்பது கடினம். பார்பேக் அல்லது பார் வெயிட்டர் என்று உள்ளே வரலாம். பார்பேக் என்றால் ஐஸ் நிரப்புவது, பழம் நறுக்குவது, கிளாஸ் துடைப்பது, பாட்டில் மாற்றுவது. பலர் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். என்னிடம் இருக்கும் நல்ல பார்டெண்டர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

இன்னொரு வழி, யாரும் அதிகம் சொல்லாதது. பல நாடுகளில் கிளை உள்ள ஹோட்டல் குழுமம் ஒன்றில், நீங்கள் இருக்கும் இடத்திலேயே சேருங்கள். மேரியட், ஹில்டன், அக்கோர், ஹையத் எதுவானாலும் சரி. ஒன்றரை, இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தால் உள் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் மேனேஜர் அங்கே இருக்கும் மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொன்னால், வெளியிலிருந்து வரும் நூறு விண்ணப்பத்துக்கு மேல் உங்களுடையது நிற்கும். ஏஜென்ட்டே தேவையில்லை. புதிதாகத் திறக்கப் போகும் ஹோட்டல்களையும் கவனியுங்கள். திறப்பதற்குச் சில மாதம் முன்பு மொத்தமாக ஆள் எடுப்பார்கள்.

படிப்பில் டபிள்யூஎஸ்இடி (ஒயின், மது வகைகள் பற்றிய சான்றிதழ் படிப்பு) இரண்டாம் நிலை இருந்தால் என் கண்ணில் படும். மற்றபடி விண்ணப்பத்தில் "கடின உழைப்பாளி" என்று எழுதாமல், எத்தனை இருக்கை பார், ஒரு இரவுக்கு எத்தனை பேர், ஸ்டாக் எடுத்த அனுபவம் உண்டா என்று எழுதுங்கள்.

டிரேட் டெஸ்டில் (பானம் செய்து காட்டும் தேர்வில்) என்ன பார்ப்பீர்கள்? இரண்டு முறை தோற்றுவிட்டேன் அண்ணா. ரெசிப்பி எல்லாம் மனப்பாடமாகத் தெரியும்.

ரெசிப்பி தெரிந்திருப்பது பாதிதான். நான் பெரும்பாலும் ஒரு நெக்ரோனியும் ஒரு டைகிரியும் சேர்த்துக் கேட்பேன். நெக்ரோனி ஜின், கம்பாரி, ஸ்வீட் வெர்மூத் மூன்றும் சம அளவு, 30 மில்லி வீதம், கலக்குவது. டைகிரி ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, குலுக்குவது. சாறு, கிரீம், முட்டை சேர்ந்தால் ஷேக்கர். வெறும் மது வகைகள் மட்டும் என்றால் கரண்டி. இந்த வித்தியாசம் கைக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்பது.

அப்புறம் கண் முழுக்க கை மேலேதான் இருக்கும். ஜிக்கரை (அளவுக் கிண்ணத்தை) விளிம்பு வரை நிரப்புகிறாரா, குத்துமதிப்பாக ஊற்றுகிறாரா? கிளாஸைத் தண்டில் பிடிக்கிறாரா, வாய் வைக்கும் விளிம்பில் விரல் படுகிறதா? ஐஸை முதலிலேயே போட்டுவிட்டுப் பாட்டிலைத் தேடினால், தேடி முடிப்பதற்குள் அது உருகிவிடும், பானம் நீர்த்துவிடும். ஊற்றிய பாட்டில் எடுத்த இடத்துக்கே, லேபிள் முன்னால் தெரிய, திரும்பப் போகிறதா?

போன வருடம் ஒரு பையன் வந்தான். பதற்றத்தில் கிளாஸை ஐஸ் தொட்டியின் விளிம்பில் இடித்து உடைத்துவிட்டான். முகம் வெளுத்துப் போனது. ஆனால் ஒரு வார்த்தை பேசாமல், டெஸ்ட் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொட்டியில் இருந்த ஐஸ் முழுவதையும் வெந்நீர் ஊற்றிக் கரைத்தான், அடியைத் துடைத்தான், விரலால் தடவாமல் வெளிச்சத்தில் பார்த்துச் சரிபார்த்தான், புது ஐஸ் கொண்டுவந்து நிரப்பினான். இரண்டாவது பானத்தை முடிக்கவே இல்லை. அவனைத்தான் எடுத்தேன். கண்ணாடித் துண்டு ஐஸோடு விருந்தினரின் தொண்டைக்குப் போய்விடக் கூடாது என்பது யாரும் பார்க்காத நேரத்திலும் அவனுக்கு நினைவிருக்கும்.

நீங்கள் தோற்றதற்கு வேகம் காரணமாக இருக்கலாம் தம்பி. வீட்டில் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, 30 மில்லி, 45 மில்லி, 60 மில்லி என்று தினமும் ஊற்றி அளந்து பாருங்கள். ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

நான் குடிப்பதில்லை. இந்த வேலைக்கு அது தடையா?

தடையே இல்லை. ஸ்ட்ராவின் நுனியில் ஒரு துளி எடுத்துச் சுவைத்துத் துப்பிவிடலாம். நாக்குக்குப் புளிப்பும் இனிப்பும் சமமாக இருக்கிறதா என்பது தெரிந்தால் போதும். அதையும் தொட விருப்பமில்லை என்றால் பேட்டியிலேயே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

கப்பல் வேலை நல்லதா சார்? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

சேமிப்புக்கு நல்லது, உடம்புக்குக் கடினம். வாரம் ஏழு நாளும் வேலை, கான்ட்ராக்ட் பொதுவாக ஆறிலிருந்து ஒன்பது மாதம். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அந்த ஓய்வுநேரப் பதிவில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். ஏறுவதற்கு முன் எஸ்டிசிடபிள்யூ (கப்பல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச விதி) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும்: தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர்காப்பு, தனிநபர் பாதுகாப்பு. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் கப்பல் பணியாளருக்கான சி1/டி விசா. முதல் கான்ட்ராக்டில் பலர் பார் வெயிட்டராகத்தான் ஏறுகிறார்கள்.

26 வயதுப் பெண். மூன்று வருட பார் அனுபவம். வீட்டில் பயப்படுகிறார்கள் அண்ணா, என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தங்கச்சி, உங்கள் அனுபவத்துக்கு இடம் கிடைக்கும். மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டா, ஒரு அறையில் எத்தனை பேர்? இரவு பார் மூடிய பிறகு தங்குமிடத்துக்கு ஹோட்டல் வண்டி உண்டா? விருந்தினர் எல்லை மீறினால் சேவையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டா, அல்லது யாரை அழைக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்கு மேனேஜர் தயங்காமல் பதில் சொன்னால் அது நல்ல பார். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். முடிந்தால் அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நான் எடுக்கும் பெண்களுக்கு இதைக் கேட்காமலே செய்து கொடுக்கிறேன், வீட்டாரின் பயம் அதில்தான் குறைகிறது.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடலாமா?

நான் அப்படித்தான் முதலில் போனேன். "வந்துடுங்க, பத்து நாளில் மாற்றிக்கொள்ளலாம்" என்றார் ஒருவர். ஒரு உணவகத்தில் சேர்த்துவிட்டார். இரண்டு மாதம் இரவு வேலை, சம்பளம் கேட்டால் "விசா மாறட்டும்". விசா மாறவில்லை, தேதி முடிந்தது, தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறியது. அதிகாரிகளிடம் புகார் கொடுக்கவும் பயம், ஏனென்றால் விசிட் விசாவில் வேலை பார்த்ததே சட்டப்படி தவறு. கடன் வாங்கி அபராதம் கட்டித்தான் திரும்பினேன். நேர்முகத் தேர்வுக்கு மட்டும் போய் வருவது வேறு. வேலை அனுமதி கையில் வராமல் ஒரு நாள்கூட கவுன்டருக்குப் பின்னால் நிற்காதீர்கள்.

ஒரே பதவிக்கு இரண்டு ஆஃபர். ஒன்றில் மொத்தச் சம்பளம் அதிகம், ஆனால் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) குறைவு. எதை எடுப்பது?

பேசிக்கைப் பாருங்கள். அமீரகத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் பேசிக் என்று கணக்கிடப்படுகிறது. அலவன்ஸ் எவ்வளவு இருந்தாலும் அதில் சேராது. சர்வீஸ் சார்ஜ் பங்கும் டிப்ஸும் சீசனைப் பொறுத்து ஏறி இறங்கும். கூட்டம் இல்லாத மாதத்தில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், நல்ல மாதக் கணக்கை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

துபாய் ஹோட்டலில் இருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது! கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்கணும்?

வாழ்த்துகள் தம்பி, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பதவிப் பெயர் பார்டெண்டர் என்றே இருக்கிறதா என்று பாருங்கள். வெயிட்டர் என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பேசிக், தங்குமிடம், சாப்பாடு, வாராந்திர விடுமுறை, வருடாந்திர டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்கணும். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வரப்போகும் நுழைவு அனுமதியில் வேலை என்று இருக்கிறதா, விசிட் என்று இருக்கிறதா என்பதை டிக்கெட் போடும் முன் பாருங்கள். அங்கே போனபின் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம் இந்த ஆஃபரோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் ஒரு பிரதியை போனில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பாஸ்போர்ட்டை விசா நடைமுறைக்காக வாங்கினால் கொடுங்கள், அது முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை. அப்புறம், நல்ல குஷன் உள்ள கறுப்பு ஷூ இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் கால்தான் அதிகம் வலிக்கும்.