பனித்தளத்தில் இறங்கியதும் நேராகத் தாவலாமா?

ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்சிக்கு முன் பனியில் எவ்வளவு நேரம் உடம்பைச் சூடாக்க வேண்டும், நேராகத் தாவினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தாவாதீர்கள். குளிர்ந்த கணுக்காலும் தொடைத் தசையும் தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்காது.

பூட்ஸ் மாட்டும் முன்பே வெளியில் 10 நிமிடம் கயிறு தாண்டுங்கள். பிளேடு உறையைக் கழற்றிவிட்டுத்தான் பனியில் கால் வைக்க வேண்டும். உறையோடு வைத்தால் அந்த நொடியே வழுக்கும்.

முதல் இரண்டு சுற்றும் நீண்ட தள்ளல்கள் மட்டுமே. முழங்காலை நன்றாக மடக்கி, பிளேடின் விளிம்பால் தள்ளுங்கள். பிளேடின் முன்நுனியில் உள்ள பற்களால் தள்ளினால் ‘கரக்’ என்று சத்தம் வரும், பனியில் சின்னச் சின்னக் குழி விழும், வேகம் மட்டும் வராது.

அடுத்து கிராஸ்ஓவர், அதாவது வளைவில் ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே எடுத்து வைப்பது: முன்னோக்கி, பின்னோக்கி, இரு திசையிலும். வராத பக்கத்துக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுங்கள். அதன்பின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு வளைவுகள், த்ரீ டர்ன் (ஒற்றைக் காலிலேயே முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் திரும்புவது). இதில் அவசரமே வேண்டாம். இறுகிய பனியில் விளிம்பு சரியாகப் பிடிக்காது, இளகிய பனியில் புதையும். அன்றைய பனி எப்படி என்று பாதத்துக்குப் புரிவது இங்கேதான்.

பிறகுதான் தாவல்கள்: அரைச் சுற்று வால்ட்ஸ் ஜம்ப், ஒற்றைச் சுற்றுச் சால்கோ, டோ லூப். ஒன்றரைச் சுற்று ஆக்ஸல் கடைசியில்.

தனிநபர் போட்டியில் பனியில் உடம்பைச் சூடாக்க ஒரு குழுவுக்குக் கிடைப்பது 6 நிமிடம்தான். வரிசையை இப்போதே பழக்கிவிடுங்கள்.