மூத்தவள் என்றால் பொறுப்பானவளாகத்தான் இருக்க வேண்டுமா?

கேள்வி: ஒரு குடும்பக் கதையை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று பிள்ளைகள். மூத்தவள் சுதா பொறுப்பானவள், எல்லாரையும் தாங்குபவள். நடுவில் பிறந்த ரகு யார் கண்ணிலும் படாத சமாதானப் பேர்வழி. கடைக்குட்டி வினோத் செல்லப்பிள்ளை, ஊதாரி. பிறந்த வரிசைதான் குணத்தைத் தீர்மானிக்கிறது என்று பல இடங்களில் படித்துவிட்டுத்தான் இப்படி அமைத்தேன். இதுவரை எழுதியதைப் படித்த தோழி, ‘மூணு பேரும் அடுத்து என்ன செய்வாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடுது’ என்று சொல்லிவிட்டாள். பிறப்பு வரிசையையே கைவிட்டுவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: கைவிட வேண்டாம். நீங்கள் அதை ராசிபலன் மாதிரி பயன்படுத்தியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். மூத்தவள் என்று எழுதியதுமே பொறுப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, கடைக்குட்டி என்றதும் ஊதாரித்தனம். தோழிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நீங்கள் படித்ததெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பரவலாக்கியவர் வியன்னாவில் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937). அவரே வீட்டில் இரண்டாவது பிள்ளை. அண்ணன் பெயர் சிக்மண்ட். பிற்பாடு 1911இல் கருத்து மோதலில் அவர் பிரிந்து வந்த, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டின் பெயரும் சிக்மண்ட் (நாவலில் வைத்தால் செயற்கையாக இருக்கிறது என்பார்கள்). ஆனால் அட்லர் சொன்னதில் உங்களுக்கு உதவுவது குணப் பட்டியல் இல்லை, ஒரு சம்பவம். வீட்டில் ஒற்றை ராஜாவாக இருந்த முதல் குழந்தை, அடுத்தது பிறந்த அன்று அரியணையை இழக்கிறது என்றார் அவர். அந்த இழப்பை ஒரு குழந்தை அம்மாவுக்குக் கையாளாக மாறிச் சமாளிக்கலாம், இன்னொன்று தொட்டிலில் இருப்பதைக் கிள்ளிவிட்டு ஓடலாம், மூன்றாவது ஒன்று பேச்சையே குறைத்துக்கொள்ளலாம். சம்பவம் ஒன்று, ஆள் வேறு. உங்கள் சுதாவுக்கு அந்த நாளில் என்ன வயது, என்ன செய்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஆராய்ச்சி பக்கமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2015இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாகின. ஒன்று மூன்று நாடுகளைச் சேர்ந்த 20,000க்கும் அதிகமானவர்களை வைத்துச் செய்தது, மற்றது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 3,77,000 பேரை வைத்துச் செய்தது. இரண்டிலும் பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் இருந்த தொடர்பு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பிறகு ஏன் நாம் எல்லாரும் ‘மூத்தது எப்பவுமே இப்படித்தான்’ என்று அடித்துச் சொல்கிறோம் என்றால், நாம் அண்ணன் தம்பிகளை ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், அந்த நேரத்தில் மூத்தவர் வயதிலும் மூத்தவராகவே இருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பெண் ஆறு வயதுப் பையனைவிடப் பொறுப்பாக நடந்துகொள்வது வரிசையால் இல்லை, வயதால்.

இதைவிட எனக்குப் பிடித்தது 2007இல் வந்த நார்வே ஆய்வு. ராணுவத்தில் சேரும்போது சோதிக்கப்பட்ட சுமார் 2,40,000 இளைஞர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். முதல் பிள்ளைகள் இரண்டாமவர்களைவிடச் சராசரியாக இரண்டு புள்ளி சொச்சம் மேலே இருந்தார்கள், அது பெரிய வித்தியாசமில்லை, விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது அடுத்தது: பிறப்பில் இரண்டாவதாக இருந்தும், மூத்தது சிறு வயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்த பிள்ளையாக வளர்ந்தவர்கள், முதல் பிள்ளைகளைப் போலவே மதிப்பெண் எடுத்திருந்தார்கள். எத்தனையாவதாகப் பிறந்தார்கள் என்பதைவிட வீட்டில் எந்த இடத்தில் வளர்ந்தார்கள் என்பதுதான் அங்கே வேலை செய்திருக்கிறது.

நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கர்ணனை நினைத்துப் பாருங்கள். பிறப்பில் அவன்தான் மூத்தவன், மூத்தவனுக்குரிய இடம் ஒருநாளும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்த தருமன், எல்லாம் முடிந்த பிறகு, தான் இரண்டாமவன் என்று தெரிந்துகொள்கிறான். நமக்கு வலிப்பது யாருடைய இடத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான், மூத்தவர்களின் பொதுக் குணம் எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆகவே வரிசையை இடமாக எழுதுங்கள். இடம் என்றால், அந்த வீட்டில் யார் எதைச் செய்ய வேண்டியிருந்தது, யாரிடம் எது சொல்லப்பட்டது, யாரிடம் மறைக்கப்பட்டது என்பதெல்லாம். மூன்று பேரும் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள்தான், ஆனால் ஒரே வீட்டில் வளரவில்லை. சுதா பிறந்தபோது அப்பா அம்மாவுக்குக் குழந்தையைத் தூக்கவே பயம், கையில் காசும் இல்லை. வினோத் வரும்போது அவர்களுக்குப் பழகிவிட்டது, கொஞ்சம் சோர்வும் வந்துவிட்டது, கடனும் அடைந்திருக்கலாம். சுதாவை அடித்த அப்பாவை வினோத் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பெரியவர்களான பிறகு அப்பாவைப் பற்றிப் பேசினால் அது இரண்டு வேறு மனிதர்களைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும், அந்தச் சண்டையில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

வயது இடைவெளியையும் மறந்துவிடாதீர்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லவே இல்லை. ஒன்றரை வயது வித்தியாசம் என்றால் போட்டி. ஏழெட்டு வருடம் என்றால் கடைக்குட்டி கிட்டத்தட்ட ஒற்றைப் பிள்ளை, அக்காதான் இன்னொரு அம்மா.

இப்போது ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மூவரும் நாற்பதை ஒட்டியவர்கள், தனித்தனி ஊர்களில் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிடுகிறார். அம்மா யாரைக் கூப்பிடுகிறாள்? சுதாவை. சுதா தூக்கக் கலக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி ‘பேசுறாரா?’ என்பது, இரண்டாவது ‘இன்ஷூரன்ஸ் கார்டு எங்க இருக்கு?’ என்பது. அடுத்து ரகுவை அழைத்து அரை நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ‘வினோத்துக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், பயந்துடுவான்’ என்கிறாள். அந்த வினோத் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன். மறுநாள் மதியம் தெரிந்து பதறி ஓடி வருகிறான், டாக்டரிடம் பேச எழுந்தால் ‘நீ உட்காரு’ என்று அக்கா கையைப் பிடித்து அமர்த்துகிறாள், அவனும் உட்கார்ந்துவிடுகிறான். ஏன் உட்கார்ந்தோம் என்று அவனுக்கே எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில்தான் வினோத் இருக்கிறான். ‘செல்லப்பிள்ளை’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

அப்புறம், வீட்டுக்குள் இருக்கிற சுதாவும் வெளியே இருக்கிற சுதாவும் ஒரே அச்சில் இருக்க வேண்டியதில்லை. நண்பர்களோடு எங்காவது போனால் டிக்கெட்டைத் தொலைக்கிறவளாக, எப்போதும் கடைசியில் வந்து சேர்கிறவளாக இருக்கட்டுமே. பதினைந்து வருடம் தம்பிகளைப் பார்த்துக்கொண்டவள், யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிராத ஓர் இடம் கிடைத்ததும் வேண்டுமென்றே கவனக்குறைவாக இருக்கிறாள். நீங்கள் இதையெல்லாம் விளக்க வேண்டாம், தொலைத்த டிக்கெட்டைக் காட்டினால் போதும். பொறுப்பே பிடிக்காத மூத்தவள் பொறுப்பைச் சரியாகச் செய்கிறாள் என்பது, பொறுப்பானவள் பொறுப்பாக இருக்கிறாள் என்பதைவிட எவ்வளவோ தேவலை.

ரகுவைப் பற்றி உங்களிடம் ஒரே வரிதான் இருக்கிறது. நடுப்பிள்ளை கவனிக்கப்படாதவன் என்று சொல்லிவிட்டு எழுத்தாளரும் அவனைக் கவனிக்காமல் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிற அநியாயம். அவன் ஒருவனுக்குத்தான் அக்காவும் உண்டு, தம்பியும் உண்டு; மேலிருந்து அதட்டு வாங்குவதும் கீழே அதட்டுவதும் இரண்டும் தெரியும். அந்தக் குளியலறைக் காட்சியை இன்னொரு முறை எழுதுங்கள், இந்தத் தடவை அம்மா ரகுவைக் கூப்பிடட்டும். ஏன் அவனை என்று அம்மாவுக்கே தெரிய வேண்டாம், விரல் அந்தப் பெயரில் பட்டிருக்கலாம். அவன் எல்லா ஏற்பாட்டையும் செய்து முடித்துவிட்டு, விடிந்த பிறகு அக்காவுக்குப் போன் செய்கிறான். அப்பா நலம் என்று கேட்டு நிம்மதியாக வேண்டிய சுதா, ‘எனக்கு ஏன் முதல்ல சொல்லல?’ என்று கத்துகிறாள். அதற்கு ரகு என்ன பதில் சொல்கிறான் என்பதை எழுதிவிட்டு, அப்புறம் மற்ற அத்தியாயங்களுக்குப் போங்கள்.