கணினி கேள்வி பதில்: பாஸ்வேர்டைத் திட்டாதீர்கள்

கேள்வி: ஓப்பன் லைவ் ரைட்டர் என்ற பதிவெழுதும் மென்பொருளில் எழுதி, என் வேர்ட்பிரஸ் தளத்துக்கு அனுப்புவது வழக்கம். போன வாரத்திலிருந்து 'சர்வர் தந்த பதில் செல்லாது' என்று சொல்லி நின்றுவிடுகிறது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிவிட்டேன். ரைட்டரை அழித்து மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று. பிரவுசரில் தளம் நன்றாகத்தான் திறக்கிறது. இடையில் தீமின் (தளத்தின் தோற்ற வடிவமைப்பின்) ஃபங்ஷன்ஸ் ஃபைலில் (functions.php) நாலு வரி சேர்த்தேன், அவ்வளவுதான்.

பதில்: 'அவ்வளவுதான்' என்று கடைசியில் சொன்னீர்களே, அதுதான் விஷயம்.

பாஸ்வேர்டு தப்பென்றால் சர்வரே அதை ஒழுங்காகச் சொல்லிவிடும். 'செல்லாத பதில்' என்றால், சர்வர் ஏதோ சொன்னது, ரைட்டரால் அதைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். இரண்டும் பேசிக்கொள்வது எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற முறையில். அதில் வரும் பதிலின் தலையில் 'இது எக்ஸ்எம்எல்' என்று சொல்லும் அறிவிப்பு வரி, முதல் எழுத்திலேயே தொடங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வெற்று வரி இருந்தாலும் கதை முடிந்தது. எச்டிஎம்எல் பக்கத்தின் தலையில் பத்து வெற்று வரி இருந்தாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. அதனால்தான் உங்கள் தளம் ஒன்றும் நடக்காததுபோல் திறக்கிறது.

சோதித்துப் பாருங்கள். தள முகவரியோடு /xmlrpc.php?rsd என்று சேர்த்து, குரோமில் திறங்கள். '2-வது வரி, 6-வது இடத்தில் பிழை. எக்ஸ்எம்எல் அறிவிப்பு தொடக்கத்தில் மட்டுமே வரலாம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தால், ஆள் அகப்பட்டான்! 2-வது வரி என்றால் மேலே ஒரு வெற்று வரி, 3 என்றால் இரண்டு.

ஃபங்ஷன்ஸ் ஃபைலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அதன் அடிக்குப் போங்கள். ?> என்ற மூடும் குறி இருக்கும், அதற்குக் கீழே நீங்கள் தட்டிய என்டர்கள் இருக்கும். குறியை ஒட்டி வரும் முதல் என்டரை பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழி) விழுங்கிவிடும். இரண்டாவது, சர்வரின் பதிலுக்கு முன்னால் வெற்று வரியாக வெளியே போய்விடும். குறியையும் அதற்குக் கீழே உள்ளதையும் சேர்த்தே அழித்துவிடுங்கள். முழுக்க பிஎச்பியாக உள்ள ஃபைலுக்கு மூடும் குறி தேவையே இல்லை. ஃபைலின் உச்சியிலும், தொடக்கக் குறிக்கு முன்னால் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே பிழையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வரியே இல்லாத இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

குரோம் சோதனையில் 403 (அனுமதி இல்லை) என்று வந்தால் வேறு வியாதி. ஹோஸ்டிங்காரரோ பாதுகாப்பு பிளகினோ அந்த ஃபைலையே அடைத்திருக்கலாம். அதன் வழியாக பாஸ்வேர்டை ஆயிரக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் தாக்குதல்கள் நடப்பதால், அவர்கள் செய்வதிலும் நியாயம் உண்டு. கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இருபடி உள்நுழைவு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) வைத்திருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு ரைட்டரில் வேலை செய்யாமல் போகலாம். 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.6 முதல், பயனர் பக்கத்திலேயே, ரைட்டர் போன்ற மென்பொருளில் கொடுப்பதற்கென்று தனியாக 'அப்ளிகேஷன் பாஸ்வேர்டு' உருவாக்கலாம். நாலு நாலாகப் பிரித்து 24 எழுத்துகள் வரும். ஒரு முறைதான் காட்டும், உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதிவு போய்ச் சேருகிறது. ஆனால் தமிழ் முழுவதும் ????? என்று தெரிகிறது.

பதில்: பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸின் அட்டவணை, தமிழுக்கு இடமில்லாத பழைய லத்தீன்-1 குறியாக்கத்தில் இருக்கலாம். ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் பிஎச்பிமைஅட்மின் (phpMyAdmin) என்ற டேட்டாபேஸ் கருவியைத் திறந்து, 'கொலேஷன்' என்ற பத்தியைப் பாருங்கள். தமிழையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று தொடங்காவிட்டால், பேக்கப் எடுத்துவிட்டு மாற்ற வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டவை மாற்றினாலும் திரும்பி வராது. பதறாதீர்கள்: உங்கள் கணினியின் டாக்குமென்ட்ஸில் 'மை வெப்லாக் போஸ்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், ரைட்டர் தன் பிரதியை அங்கேதான் வைக்கிறது. அதைத் திறந்து மறுபடி அனுப்புங்கள்.